யார் கோத்த மாலை?

1930 வாக்கில் பாரிஸில் ஒரு கவிஞர் விடியற்காலையிலேயே எழுந்து, சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கமிஷன் ஏஜென்டுகளின் வாசலில் போய்க் காத்து நின்றுகொண்டிருந்தார். பெயர் லூயி அரகோன். ஆந்த்ரே பிரெதோனோடு சேர்ந்து சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1927இலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், பாரிஸ் இலக்கிய வட்டத்தில் அப்போதே பெரிய பெயர். பெட்டிக்குள் இருந்தது கவிதை இல்லை, கழுத்து மாலைகள். அவருடைய துணைவி எல்சா திரியோலே வீட்டில் உட்கார்ந்து கையால் கோத்தவை. அவர் செய்வார், இவர் கொண்டுபோய் விற்பார். இன்றைய பாஷையில் சொன்னால் எல்சா டிசைனர், அரகோன் சேல்ஸ் ரெப். அவ்வளவுதான் கம்பெனி.

எல்சா யார் என்பது நீங்கள் எந்த வாசல் வழியாக இலக்கியத்துக்குள் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சு வழியாக வந்தவர்களுக்கு அவர் கோன்கூர் பரிசு வாங்கிய முதல் பெண். 1944ஆம் ஆண்டுக்கான பரிசு, போரினால் தள்ளிப்போய் 1945இல் அறிவிக்கப்பட்டது. ருஷ்ய வழியாக வந்தவர்களுக்கு அவர் லில்யா பிரிக்கின் தங்கை. மயகோவ்ஸ்கியை அக்காவுக்கு அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்க நேர்ந்த தங்கை. விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1923இல் பெர்லினில் வெளியிட்ட 'ஸூ' என்ற கடித நாவலில் வரும் பெண்ணின் கடிதங்கள் நிஜத்தில் எல்சா எழுதியவை. அதைப் படித்த கார்க்கி, இந்தப் பெண் எழுத வேண்டும் என்றாராம். இப்படி மூன்று நான்கு வாசல் இருக்கிறது. நான் நுழைந்தது ஐந்தாவது வாசல், மாலைகள். வாழ்க்கை வரலாறுகளில் ஒன்றிரண்டு பத்தியில் கடந்துபோகிற அந்தச் சில வருடங்கள்தான் எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே சுவாரசியமான பகுதியாகப் படுகிறது. தனியாளாக, முதலாளி இல்லாமல், ஃபேஷன் உலகத்துக்குச் சின்னச் சின்னப் பொருள் செய்து பிழைப்பது என்றால் என்ன என்பதை ஒரு எழுத்தாளரே உள்ளே இருந்து பார்த்த சந்தர்ப்பம் அது.

எல்சா 1896இல் மாஸ்கோவில் பிறந்தவர். கட்டிடக்கலை படித்தவர். புரட்சிக்குப் பிறகு ஆந்த்ரே திரியோலே என்ற பிரெஞ்சு அதிகாரியை மணந்து, அவரோடு தாஹிதி தீவுவரை போய், பிறகு அவரைப் பிரிந்து, லண்டன், பெர்லின் என்று சுற்றி, 1920களில் பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் ஓட்டல் அறையில் வாழ்ந்துகொண்டிருந்தார். எழுதியது ருஷ்ய மொழியில், அச்சானது சோவியத் நாட்டில், இருந்தது பாரிஸில். அந்த எழுத்தை நம்பி பாரிஸில் வாடகை கொடுக்க முடியாது. 1928 நவம்பர் 6ஆம் தேதி லா கூப்போல் என்ற உணவகத்தில் அரகோனைச் சந்தித்தார். அரகோனின் நிலையும் பெரிதாக இல்லை. முன்பு அவருக்குப் பணம் தந்த புரவலர்களில் முக்கியமானவர் ஜாக் தூசே. இவரே ஒரு பழைய தலைமுறை ஆடை வடிவமைப்பாளர். பிரெதோன், அரகோன் போன்றவர்களின் யோசனையைக் கேட்டு ஓவியங்களும் கையெழுத்துப் பிரதிகளும் வாங்கிச் சேர்த்தவர். பிக்காஸோவின் 'அவிஞோன் பெண்கள்' அப்படித்தான் அவர் வீட்டுக்குப் போனது. தூசே 1929 அக்டோபரில் இறந்தார். அதே மாதம் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. ஆடைத் தொழிலில் சம்பாதித்த பணம் ஒரு கவிஞனுக்கு நன்கொடையாக வந்த காலம் முடிந்தது. இனி அதே தொழிலின் வாசலில் சரக்கோடு போய் நிற்க வேண்டும்.

ஏன் மாலை? தையல் இல்லை, தொப்பி இல்லை, மாலை மட்டும் ஏன்? இதற்குப் பதில் அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்களில் இருக்கிறது. அதுவரை மேல்தட்டுப் பெண்ணின் கழுத்தில் கிடந்த நகை அவள் கணவனின் அல்லது அப்பனின் சொத்துக் கணக்கு. நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் பார்க்கிற அதே விஷயம்தான். 1920களின் நடுவில் கோகோ ஷனேல் இதை உடைத்தார். போலி முத்து, கண்ணாடிக் கல் என்று வெளிப்படையாகவே பொய் நகையை விலை உயர்ந்த ஆடையோடு சேர்த்துப் போட வைத்தார். போலி என்பதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இது ரசனை மாற்றம் மட்டுமில்லை, பொருளாதார மாற்றமும்கூட. தங்கமும் வைரமும் வேண்டும் என்றால் தொழிலில் இறங்க முதலீடு வேண்டும், பரம்பரை வேண்டும். கண்ணாடிப் பாசியும் கம்பியும் போதும் என்றால்? கையும் கண்ணும் இருக்கிற யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆடைகள் எளிமையாகிவிட்ட காலம் வேறு. நேர்கோடாக, அலங்காரமில்லாமல் இருந்த உடைக்கு மேலே ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. அந்த 'ஏதாவது ஒன்று'தான் அக்ஸசரி என்று நாம் சொல்வது.

கையும் கண்ணும் மட்டும் மிச்சமிருந்த ஆட்கள் பாரிஸில் அப்போது நிறைய இருந்தார்கள். புரட்சிக்குப் பின் ஓடிவந்த ருஷ்யர்கள். அரண்மனைப் பெண்கள் சிறு வயதில் பொழுதுபோக்காகக் கற்ற பூத்தையல் திடீரென்று சோறு போடும் தொழிலானது. கடைசி ஜாரின் உறவுப் பெண்ணான இளவரசி மரியா பவ்லோவ்னா 'கித்மீர்' என்ற பூத்தையல் பட்டறையை 1920களின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஷனேலுக்கு வேலை செய்தார். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி இருக்க முடியாதே என்று வேறு ஆடையகங்களுக்கும் செய்ய ஆரம்பித்ததும் ஷனேலோடு உறவு கசந்தது. 1928இல் பட்டறை இன்னொரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ஃப்ரீலான்ஸ் செய்கிற யாருக்கும் இந்தக் கதை புதிதில்லை. ஒரே கிளையன்ட் என்றால் நீ சம்பளமில்லாத ஊழியன். இரண்டு கிளையன்ட் என்றால் முதலாமவருக்குக் கோபம்.

எல்சா நுழைந்தது இந்தச் சந்தைக்குள்தான். அது எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. பாரிஸின் பெரிய ஆடையகங்கள் வருடத்துக்கு இரண்டு முறை, குளிர்காலக் கடைசியிலும் கோடைக் கடைசியிலும், புதிய தொகுப்பைக் காட்டும். ஆடையை அவர்களே வடிவமைப்பார்கள். ஆனால் அந்த ஆடையின் பொத்தான், பெல்ட், பூத்தையல், மாலை எல்லாம் வெளியிலிருந்து வரும். அதைச் செய்கிறவர்களுக்குப் பிரெஞ்சில் 'பாரூரியே' என்று தனிப்பெயரே உண்டு. இவர்கள் தொகுப்பு வெளியாவதற்கு முன்பே மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாதிரிக்கு ஆகும் பொருள் செலவு, நேரம் எல்லாம் செய்கிறவர் கணக்கு. பத்து காட்டினால் ஒன்று பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பிடித்துவிட்டால் அடுத்த தலைவலி: அதே மாலை டஜன் கணக்கில், குறித்த நாளுக்குள் வேண்டும். ஒன்றைச் செய்தபோது கலைஞராக இருந்தவர் ஐம்பதாவதைச் செய்யும்போது பட்டறை மேஸ்திரியாகிவிடுகிறார்.

ஆடையகங்கள் ஒரு வழி. இன்னொரு வழி கமிஷன் ஏஜென்டுகள். அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் இருந்த பெரிய கடைகளுக்காகப் பாரிஸில் சரக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இவர்கள். அரகோன் பெட்டியோடு போய் நின்றது இவர்கள் வாசலில். தன்னைப் போலவே பெட்டியோடு வந்திருக்கும் இன்னும் பல பேரோடு காத்திருந்து, முறை வரும்போது மேசை மேல் மாலைகளைப் பரப்பிக் காட்டி, விலை சொல்லி, குறைத்துச் சொல்லி, அடுத்த வாசல். அமெரிக்கப் பணம்தான் பாரிஸ் ஃபேஷனைத் தாங்கிக்கொண்டிருந்தது. 1929க்குப் பிறகு அந்த அமெரிக்கர்கள் வருவது குறைந்தது, வந்தவர்கள் வாங்குவதும் குறைந்தது. அதாவது எல்சா தொழிலில் இறங்கிய நேரம் மிக மோசமான நேரம். ஆனால் இதில் ஒரு விசித்திரமும் உண்டு. காசில்லாத காலத்தில் புது உடை வாங்க முடியாத பெண் பழைய உடைக்கு ஒரு புது மாலை வாங்குவாள். மலிவான அலங்காரப் பொருளுக்கு நெருக்கடிக் காலத்திலும் கொஞ்சம் சந்தை இருக்கும்.

மலிவு என்பதைத்தான் எல்சா தன் பாணியாகவே மாற்றினார். அவர் மாலைகளில் வைரமோ முத்தோ இல்லை. கண்ணாடி, பீங்கான், உலோகம், தோல், பருத்தி நூல், குதிரை முடி. கட்டிடக்கலை படித்தவரின் கண் அதில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். பொருளை ஒளித்து வேறொன்றாகக் காட்டுவதில்லை. இது பீங்கான், இது கயிறு, இப்படித்தான் சேர்ந்திருக்கிறது, பார்த்துக்கொள் என்கிற மாதிரி. இவற்றில் புகழ்பெற்றது எல்ஸா ஸ்கியாபரெல்லி என்ற ஆடை வடிவமைப்பாளருக்காகச் செய்தது. (இரண்டும் எல்சா, குழப்பம்தான். இனி ஆடை எல்சாவை ஸ்கியாபரெல்லி என்றே சொல்கிறேன்.) வெள்ளைப் பீங்கான் வில்லைகளை வரிசையாகக் கோத்த மாலை அது. பார்ப்பதற்கு அச்சு அசல் ஆஸ்பிரின் மாத்திரை. 'ஆஸ்பிரின் மாலை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. தலைவலி மாத்திரையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போகலாம் என்கிற அந்தக் குறும்பு ஸ்கியாபரெல்லியின் ரசனைக்கு அப்படியே பொருந்தியது. 1954இல் வெளியான தன் சுயசரிதையில் அவர் அந்த மாலைகளை மறக்காமல் குறிப்பிடுகிறார்.

இன்னொரு பக்கம் யோசித்துப் பாருங்கள். 1931இல் அரகோன் 'சிவப்பு முன்னணி' என்று ஒரு கவிதை வெளியிட்டார். அதற்காக 1932 ஜனவரியில் அவர் மீது அரசு வழக்குப் போட்டது; ராணுவத்தைக் கீழ்ப்படியாமைக்குத் தூண்டினார், கொலைக்குத் தூண்டினார் என்று. ஐந்து வருடம் சிறை போயிருக்கலாம். அவருக்காகக் கையெழுத்து வாங்கிய பழைய நண்பர்களோடே அந்த விவகாரத்தில் உறவு முறிந்தது. முதலாளி வர்க்கத்தைச் சுட்டுத் தள்ளச் சொல்லும் கவிதையை எழுதுகிற அதே ஆள், அந்த வர்க்கத்தின் பெண்களுக்கான மாலைகளைப் பெட்டியில் சுமந்துகொண்டிருந்தது ஏறக்குறைய இதே காலத்தில்தான். இதைப் பாசாங்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கட்சி பெட்டியைச் சுமக்கச் சொல்லவில்லை, வாடகை சொன்னது. வர்க்கம் என்று புத்தகத்தில் படித்ததைவிடக் காத்திருக்கும் வரிசையில் அவர் அதிகம் கற்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எல்சா நிச்சயமாகக் கற்றார். இந்தத் தொழிலைப் பற்றியே ருஷ்ய மொழியில் 'மாலைகள்' என்று ஒரு நூல் எழுதினார். ஃபேஷன் என்கிற மினுமினுப்புக்குப் பின்னால் இருக்கிற தரகர், பட்டறை, பேரம், சரிந்துகொண்டிருக்கும் சந்தை எல்லாம் அதன் பொருள். அதன் பகுதிகள் 1933இல் மாஸ்கோவில் 'கிராஸ்னயா நோவ்' இதழில் வந்தன. புத்தகமாக அங்கே வரவில்லை. அடுத்து அவர் செய்தது பெரிய முடிவு: ருஷ்ய மொழியை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுத ஆரம்பித்தார். முதல் பிரெஞ்சு நாவல் 1938இல் வந்தது. மாலைத் தொழில் அதற்குள் முடிந்துவிட்டது. மொத்தத்தில் சில வருடங்கள்தான்.

இங்கே எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். எல்சா செய்த மாலை ஸ்கியாபரெல்லியின் ஆடையோடு வெளியே போனபோது அது ஸ்கியாபரெல்லியின் மாலை. வாங்கிய பெண்ணுக்கு எல்சா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வியாபாரமே அப்படி. மாதலேன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் தன் டிசைனை மற்றவர்கள் காப்பி அடிப்பதைத் தடுக்க, ஒவ்வொரு ஆடையின் லேபிளிலும் தன் கட்டை விரல் ரேகையைப் பதித்தார். ஆனால் அந்த ரேகை ஆடையகத்தின் முதலாளியுடையது. பாசி கோத்தவளின் ரேகைக்கு லேபிளில் இடமில்லை. நான் சாஃப்ட்வேர்காரன். என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் நான் எழுதுகிற எதுவும் என்னுடையது இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனாலும் எங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை தட்டினால் எந்த வரியை யார் எழுதியது என்று பெயரும் தேதியுமாக வந்துவிடும். பெரும்பாலும் திட்டுவதற்குத்தான் பயன்படும் என்றாலும், பதிவு இருக்கிறது. மாலைக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. கொக்கியில் ஒரு எழுத்துகூடப் பொறிக்கப்படாமல் அது போய்விடும்.

மெரட் ஓப்பன்ஹைம் கதையைப் பாருங்கள், இது இன்னும் துல்லியமாக இருக்கும். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த இளம் ஓவியர், பாரிஸில் காசில்லாமல் இருந்தார். 1936இல் உலோகக் குழாயின் மேல் ரோமத்தோல் போர்த்திய ஒரு வளையலை வடிவமைத்து ஸ்கியாபரெல்லிக்கு விற்றார். அதை ஒரு கஃபேயில் பார்த்த பிக்காஸோவும் டோரா மாரும், இப்படி எதன் மேலும் ரோமத்தைப் போர்த்தலாமே என்கிற மாதிரி கிண்டலாகப் பேச, ஏன், இந்தக் கோப்பை தட்டின் மேலும் போர்த்தலாம் என்றாராம் மெரட். பிறகு ஒரு கடையில் கோப்பை, தட்டு, கரண்டி வாங்கி நிஜமாகவே ரோமம் ஒட்டினார். அந்தக் கோப்பை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், அவர் பெயரோடு இருக்கிறது. சர்ரியலிசப் பாடப்புத்தகம் எதிலும் அது இல்லாமல் இருக்காது. கோப்பைக்குத் தாய் வளையல். அதே கை, அதே ரோமம், அதே வருடம். ஒன்று கலை, கையெழுத்து உண்டு. இன்னொன்று அக்ஸசரி, விற்ற அன்றே பெயர் போய்விட்டது.

எல்சாவின் மாலைகளுக்கு ஓரளவு விதி மாறியது. எல்சா 1970இல் இறந்தார். அவரிடம் மிஞ்சியிருந்த மாலைகளை அரகோன், ரூவான் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சேன்த் எத்தியேன் து ரூவ்ரே என்ற தொழிலாளர் ஊரின் நகராட்சி நூலகத்துக்குக் கொடுத்தார். அந்த நூலகத்துக்கே எல்சாவின் பெயர்தான். ஆக இன்று அவை அவர் பெயரோடு பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயர் நாவல்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயர். அவர் மாலை மட்டுமே செய்து வாழ்ந்திருந்தால் யார் பாதுகாத்திருப்பார்கள்? அதே வரிசையில் அரகோனுக்கு முன்னும் பின்னும் பெட்டியோடு நின்றவர்களின் மாலைகள் எங்கே போயின?

*

எல்சா அரகோனைச் சந்திப்பதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, 1928 அக்டோபர் 25 அன்று, பாரிஸில் ஒரு மருத்துவர் வீட்டில் மயகோவ்ஸ்கிக்கு ஒரு பெண்ணை அறிமுகம் செய்துவைத்தார். தத்யானா யாகவ்லெவா, வயது 22, நல்ல உயரம், ருஷ்யக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்வாள். மயகோவ்ஸ்கி காதலில் விழுந்ததும், அவளுக்குக் கவிதை எழுதியதும், அவள் 1929 டிசம்பரில் ஒரு பிரெஞ்சுப் பிரபுவை மணந்ததும், 1930 ஏப்ரல் 14இல் கவிஞர் தன்னைச் சுட்டுக்கொண்டதும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. தத்யானா அந்தக் கவிதைகளின் அடிக்குறிப்பாகவே பலருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் ஐம்பது, அறுபது வருடம் வாழ்ந்தார் என்பதையும், அதில் பல வருடம் தொப்பி செய்தார் என்பதையும் நான் தெரிந்துகொண்டபோது எழுந்து ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன். ஒரே கவிஞனின் வாழ்க்கையில் வந்து போன இரண்டு பெண்கள், ஒருத்தி மாலை, ஒருத்தி தொப்பி!

கணவர் போரில் இறந்த பிறகு தத்யானா 1941இல் மகளோடும் அலெக்ஸாண்டர் லிபர்மனோடும் நியூயார்க் வந்து சேர்ந்தார். லிபர்மன் பின்னாளில் வோக் இதழையும் அதை நடத்திய கோன்டே நாஸ்ட் நிறுவனத்தின் எல்லா இதழ்களையும் கட்டியாண்டவர். தத்யானாவுக்குச் சீக்கிரமே சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் தொப்பி வடிவமைப்பாளராக வேலை கிடைத்தது. பணக்காரப் பெண்கள் வந்து கண்ணாடி முன் உட்கார, அவர்கள் தலையில் வைத்துப் பார்த்து, வலையும் பூவும் இறகும் மாற்றி மாற்றிப் பொருத்தித் தொப்பி செய்து தரும் வேலை. அவருக்குப் பெயர் இருந்தது, விளம்பரத்திலும் வந்தது. 'தத்யானா ஆஃப் சாக்ஸ்'. அந்த 'ஆஃப்' என்ற ரெண்டெழுத்துச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எல்சாவுக்குப் பெயரே இல்லை. தத்யானாவுக்குப் பெயர் உண்டு, கடையோடு கட்டிப்போட்ட பெயர்.

இருபது வருடத்துக்கும் மேல் அப்படிப் போனது. 1960களில் பெண்கள் தொப்பி போடுவதை விட்டார்கள். உயர்த்திச் சீவிய கூந்தல் மேல் தொப்பி நிற்கவில்லை. அப்புறம் தொப்பியில்லாமல் வெளியே போவது மரியாதைக் குறைவு என்ற எண்ணமே போய்விட்டது. ஒரு தொழில் முழுசாக, ஒரு தசாப்தத்துக்குள், காலடியிலிருந்து நழுவியது. சாக்ஸ் அந்தப் பிரிவைச் சுருக்கியது. தத்யானாவின் வேலை போனது. அவருடைய மகள் ஃபிரான்சின் து ப்ளெஸி கிரே 2005இல் எழுதிய குடும்ப நினைவு நூலில் இந்த வேலை போன கட்டத்தைப் பற்றிய பக்கங்கள்தான் என்னை அதிகம் பாதித்தவை, மயகோவ்ஸ்கி பக்கங்களைவிட. கணவரிடம் பணம் இருந்தது, வீடு இருந்தது, விருந்துகள் நடந்தன. ஆனால் காலையில் எழுந்து போக இடமில்லை.

*

பெயரை முழுசாகத் தனக்கே வைத்துக்கொண்டவர் என்று ஒருவரைச் சொல்லலாம். ஜூடித் லீபர். 1921இல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ஜூடித் பெட்டோ, வேதியியல் படிக்க லண்டன் போனார். முகக் கிரீம் செய்யும் தொழிலில் போடலாம் என்பது வீட்டார் கணக்கு. போர் வந்து படிப்பைத் தடுத்தது. ஊர் திரும்பியவர் பெஸ்ல் என்ற கைப்பைப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தரை பெருக்குவது, பசை காய்ச்சுவதிலிருந்து ஆரம்பம். பிறகு பேட்டர்ன் வெட்டுவது, தோல் சீவுவது, தைப்பது, சட்டம் மாட்டுவது. புடாபெஸ்ட் கைப்பைத் தொழிலாளர் சங்கத்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். 1944இல் யூதர்கள் ரயிலேற்றப்பட்டபோது சுவிஸ் பாதுகாப்புச் சீட்டு ஒன்றால் குடும்பம் தப்பியது. பிறகு கெட்டோவில் அடைபட்டு, சோவியத் படை வந்ததும் வெளியே வந்தார்கள். போர் முடிந்ததும் வீட்டிலேயே பை செய்து அமெரிக்கத் தூதரகப் பெண்களுக்கு விற்றார். கெர்சன் லீபர் என்ற அமெரிக்கச் சிப்பாயை மணந்து 1947இல் நியூயார்க் வந்தார்.

அங்கே அவருக்கு ஒரு ஆச்சரியம். அமெரிக்கப் பட்டறையில் ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் கைப்பிடி மாட்டுவார். ஒரு பையை முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் செய்யத் தெரிந்த ஆள் அரிது. இவருக்குத் தெரியும். ஆனாலும் நெட்டி ரோஸன்ஸ்டீன் என்ற ஆடை வடிவமைப்பாளரிடம் பல வருடம் ஊழியராகத்தான் இருந்தார். 1953 ஜனவரியில் ஐஸன்ஹோவர் அதிபரானபோது அவர் மனைவி மேமி போட்டிருந்த கல் பதித்த இளஞ்சிவப்பு கவுனும் கையில் இருந்த கல் பதித்த பையும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. கவுன் ரோஸன்ஸ்டீனுடையது. பையைச் செய்தது ஜூடித். பெயர் ரோஸன்ஸ்டீனுக்கே. எல்சாவின் ஆஸ்பிரின் மாலைக்கும் இதற்கும் இருபது வருட இடைவெளி, ஒரு கடல் தூரம், மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

1963இல் கணவரோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். பையின் உள்ளே அவர் பெயர். 1967இல் சின்ன உலோகப் பெட்டி மாதிரி ஒரு பை செய்ய ஆர்டர் கொடுத்திருந்தார். வந்த சரக்கில் தங்க முலாம் சரியாகப் பிடிக்கவில்லை, நிறம் கெட்டிருந்தது. திருப்பி அனுப்ப மனமில்லை. கெட்டுப்போன பகுதியைக் கண்ணாடிக் கற்களால் மூடினார். அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் மினுங்கும் பைகள் அப்படிப் பிறந்தவை. பிறகு தர்ப்பூசணித் துண்டு, பூனை, முட்டை, புத்தர் என்று என்னென்னவோ வடிவம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான கற்கள், கையால் ஒவ்வொன்றாக ஒட்டியவை. உள்ளே ஒரு லிப்ஸ்டிக்கும் கைக்குட்டையும் வைத்தால் நிறைந்துவிடும். எனக்கு அந்தப் பைகள் பிடிக்காது, ரொம்பக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவர் ஆரம்பத்தில் செய்த, கல் ஏதுமில்லாத தோல் பைகளின் படத்தைப் பார்த்தால் பசை காய்ச்சுவதிலிருந்து கற்ற ஆளின் கை தெரியும். 1973இல் கோட்டி விருது வாங்கினார். கைப்பைக்காக அதை வாங்கிய முதல் ஆள் அவர்.

வயதாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. 1993இல் கம்பெனியை ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்றார்கள். கம்பெனியை விற்பது என்றால் இங்கே தையல் மெஷினை விற்பதல்ல, 'ஜூடித் லீபர்' என்ற பெயரை விற்பது. 1998வரை அங்கேயே வடிவமைப்பாளராக இருந்துவிட்டு வெளியேறினார். பெயர் அங்கேயே தங்கிவிட்டது, பிறகும் கை மாறியது. அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர் வரையாத, அவர் கை படாத பைகள் அவர் பெயரோடு கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. ஐம்பதுகளில் பை அவருடையது, பெயர் வேறொருவருடையது. இப்போது பெயர் அவருடையது, பை வேறொருவருடையது.

கணவர் கெர்சன் ஓவியர். நியூயார்க்குக்குக் கிழக்கே ஈஸ்ட் ஹாம்டனில் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் இருந்த அவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே, பழைய இத்தாலிய மாளிகை மாதிரி ஒரு சிறிய அருங்காட்சியகத்தை 2000களில் இருவரும் கட்டினார்கள். அவர் ஓவியங்களுக்கும் இவர் பைகளுக்கும். ஓவியங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தன. பைகள்தான் இல்லை, விற்றுவிட்டாரே. முப்பத்தைந்து வருடத்தில் அவர் வடிவமைத்தவை ஏறத்தாழ 3500 என்கிறார்கள். அதனால் எண்பது வயதுக்கு மேல் ஜூடித், ஏலத்துக்கு வரும் பட்டியல்களைப் பார்த்து, தான் செய்த பைகளைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் சும்மாவும் கொடுத்தார்கள். 2018 ஏப்ரல் 28 அன்று, சில மணி நேர இடைவெளியில், கணவனும் மனைவியும் அதே வீட்டில் இறந்தார்கள். அப்போதும் அவருக்குக் கிடைக்காத பைகள் பாக்கி இருந்தன.